எப்போதும் முதலில் வந்த நாற்பத்து மூன்று

இரத்தினபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் என்பது மரியாதைக்குச் சொல்வது. மூன்று கம்ப்யூட்டர், சத்தம் போடும் ஒரு மின்விசிறி, மழை வந்தால் வாளி வைக்க வேண்டிய ஒரு மூலை, அவ்வளவுதான். கடைகளுக்கு பில் அடிக்கும் புரோகிராம், மாணிக்கக்கல் வியாபாரிகளுக்குக் கல்லின் விபரம் பதியும் புரோகிராம் என்று யார் எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுப்போம். எல்லாம் விஷுவல் பேசிக்கில்தான். சண்டை ஓய்ந்திருந்த அந்த இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்வது எங்கள் பக்கத்தில் பெரிய காரியம். எனக்கும் அந்தக் கர்வம் கொஞ்சம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

நாங்கள் மூன்று பேர். மூத்தவர் பெல்மதுளைப் பக்கத்துச் சிங்களவர். சிங்களத்தில் அண்ணனை அழைப்பதுபோல் நான் அவரை ‘அய்யே’ என்பேன். அவர் என்னைத் தங்கை என்ற பொருளில் ‘நங்கி’ என்பார். விஷுவல் பேசிக்கைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைவாகச் சொன்னால், தன் வீட்டுப் பெண்ணைப் பழித்ததுபோல் அவர் முகம் மாறிவிடும். மற்றவன் தெஹியோவிட்ட ரப்பர் தோட்டத்து இளைஞன். வார இறுதிகளில் கொழும்புக்குப் போய் ஜாவா படித்துக்கொண்டிருந்தான். அதனால் உலகத்தின் மற்ற மொழிகளெல்லாம் அவனுக்கு இளக்காரம். ஜாவாக்காரன் என்றே அவனைக் கூப்பிடுவோம்.

காலையில் கீழ்க்கடையிலிருந்து பிளேன் டீயும் மீன் வைத்த மாலு பணிஸும் வரும். வந்தவுடன் இரண்டு பேருக்கும் சண்டை தொடங்கும்.

“அக்கா, இதெல்லாம் ஒரு மொழியா? ஒரு பேரத் தப்பா அடிச்சிட்டா, தப்புன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்குது. அந்தத் தப்புப் பேருலயே புதுசா ஒண்ணச் செஞ்சு, அதுக்குள்ள சைபரப் போட்டுட்டு அது பாட்டுக்குப் போகுது,” என்பான் ஜாவாக்காரன்.

அய்யே சிங்களத்தில்தான் பேசுவார். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். “மேலே ஒரு வரி எழுதி வைத்தால் அது தப்பைக் காட்டும். எழுதாதது உன் சோம்பல். மொழி என்ன செய்யும்?”

“சரி, ரெண்டரைய முழு எண்ணாக்கச் சொன்னா ரெண்டுங்குது. மூன்றரையச் சொன்னா நாலுங்குது. அது என்னா கணக்கு?”

“அதுதான் நியாயமான கணக்கு. எல்லா அரையையும் மேலேயே தள்ளிக்கொண்டு போனால் மொத்தம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் ஒன்றை மேலே தள்ளுகிறது, ஒன்றைக் கீழே விடுகிறது.”

எனக்கு இரண்டு பேர் பேச்சும் சரியாகவே படும். பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று கட்டளையிடும் வசதி அந்த மொழியில் உண்டு. அதைப் பற்றிச் சண்டை மூண்ட அன்று, “விடுங்க, எங்க தோட்டத்து நிர்வாகமே அப்படித்தானே ஓடுது” என்றேன். அய்யேவுக்குப் பணிஸ் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

அந்த நிர்வாகமே ஒருநாள் படியேறி வந்தது. ஓப்பநாயக்க பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் துரை, மேனேஜர். தோட்டத்தில் பத்துத் தனிவீடுகள் கட்டி முடிந்திருந்தன. கேட்டு நின்றவை அறுபது குடும்பங்கள். இதற்கு முன் கட்டிய வீடுகள் தொழிற்சங்கத் தலைவரின் சொந்தக்காரருக்கும் கணக்கப்பிள்ளைக்கு வேண்டியவர்களுக்கும் போய்விட்டதாகப் பெரிய ரகளை நடந்திருந்தது. இந்த முறை கம்ப்யூட்டரே எடுத்துக் கொடுக்கட்டும் என்று துரை முடிவு செய்துவிட்டார். லயம் என்ற வரிசைவீடுகளின் ஒழுங்கில் குடும்பங்களுக்கு நம்பரும் போட்டாயிற்று.

“கம்ப்யூட்டருக்கு மாமன் மச்சான் கிடையாதே” என்றார்.

“எங்க குடும்பமும் அதுல இருக்கு, சேர்” என்று சொன்னேன்.

“அப்படியென்றால் கவனமாக எழுதுவாய்” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் நம்பர் நாற்பத்து மூன்று. மேட்டு லயத்தின் கடைசிக் காம்பரா, ஒரே அறை. பின்னால் மலை. ஐப்பசியில் சுவரிலிருந்தே தண்ணீர் கசியும். அப்படியொரு ஐப்பசியில்தான் அப்பா இறந்தார். ஒற்றைக் காம்பராவுக்குள் பிணத்தை வைத்தால் மனிதர் நிற்க இடமில்லை. முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில் கிடத்தினோம். அப்பா உயரமான மனிதர். இஸ்தோப்பின் அகலம் போதாமல் கால்கள் தாழ்வாரத்துக்கு வெளியே நீண்டன. கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் அவர் பாதத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. அம்மா பாதத்தைத் துடைப்பாள், துணியை மாற்றுவாள், மறுபடி துடைப்பாள். அழுவதற்குக்கூட அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசைதான். “நான் செத்தா என்னைய வாசல்ல போட்டு நனைய விட்டுறாத பாப்பா. ஒரு நடுவீட்டுல படுக்க வச்சு எடுங்க.” புதிய வீடுகளில் நடுவீடு இருந்தது. கட்டிக்கொண்டிருந்தபோதே கொழுந்து எடுக்கப் போகிற வழியில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறாள்.

புரோகிராம் பெரிய வித்தையில்லை. ‘ரேண்டம்’ என்று கேட்டால் அந்த மொழி சைபருக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஏதோ ஓர் எண்ணைத் தரும். அதை அறுபதால் பெருக்கி, பின்னத்தை வெட்டிவிட்டு, ஒன்றைக் கூட்டினால் ஒரு குடும்பத்தின் நம்பர். வந்த நம்பரே மறுபடி வந்தால் தள்ளிவிட வேண்டும். ஒரு சனிக்கிழமை எழுதி முடித்து ஓட்டிப் பார்த்தேன். முதல் எண் புள்ளி ஏழு சைபர் ஐந்து ஐந்து என்று வந்தது. திரையில் பெரிய எழுத்தில் நாற்பத்து மூன்று. அடுத்தது முப்பத்து மூன்று. பிறகு முப்பத்தைந்து, பதினெட்டு. நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சும்மா சொன்னேன். “நேத்து ஓட்டிப் பார்த்தேம்மா. மொதல்லயே நம்ம நம்பர் வந்துச்சு.” அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். நல்ல சகுனம் என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

திங்கட்கிழமை மறுபடி ஓட்டினேன். நாற்பத்து மூன்று. முப்பத்து மூன்று. முப்பத்தைந்து. பதினெட்டு. புரோகிராமை மூடித் திறந்தேன். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். அதே நான்கு, அதே வரிசையில்.

ஜாவாக்காரனுக்குக் கொண்டாட்டம். “பார்த்தீங்களா? குலுக்கிப் போடச் சொன்னா, மனப்பாடம் பண்ணின பாடத்த ஒப்பிக்குது. எங்க ஜாவாவுல இந்தக் கூத்தெல்லாம் கெடையாது. அது தானாவே கடிகாரத்தப் பார்த்துத் தொடங்கிரும்.”

“இது கூத்து இல்லை. சோதித்துப் பார்க்கும்போது நேற்று வந்ததே இன்றும் வந்தால்தான் பிழை எங்கே என்று பிடிக்க முடியும். அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மாற வேண்டுமென்றால் முதலில் ‘ரேண்டமைஸ்’ என்று ஒரு சொல் எழுது. அதுவும் கடிகாரத்தைப் பார்த்து வேறு இடத்திலிருந்து தொடங்கும்” என்றார் அய்யே. சொல்லிக்கொண்டே வந்தவர் திரையைப் பார்த்து நிறுத்தினார். நாற்பத்து மூன்று யாருடையது என்று அவருக்குத் தெரியும். அப்பாவின் செத்த வீட்டுக்கு வந்து அந்த மழையில் நின்றவர் அவர்.

“நங்கி, அந்தச் சொல்லை எழுதாமல் விட்டால் என்ன?” என்று கேட்டார். “இந்த எண்ணை நீ தேர்ந்தெடுக்கவில்லை. இந்த மொழியைச் செய்தவன் எந்த நாட்டிலோ இருக்கிறான், உன்னைக் கண்டதில்லை. உங்கள் வீட்டுக்கு நம்பர் போட்டது துரை. அவருக்கு இதெல்லாம் தெரியாது. இரண்டும் தானாகப் பொருந்தி வந்திருக்கிறது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?”

எப்போதும் சத்தம் போடுகிற ஜாவாக்காரன் அன்று மெதுவாகத்தான் பேசினான். “சனிக்கெழம வரைக்கும் அது அதிர்ஷ்டம்தான் அய்யே. இன்னைக்கு அக்காவுக்குத் தெரிஞ்சிருச்சே. முடிவு முன்னாடியே தெரிஞ்சா அது குலுக்கல் இல்ல.”

“மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும் தெரியாதே.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

டீ ஆறிப்போயிற்று. நான் அந்தச் சொல்லை எழுதினேன். கோபத்தோடுதான் எழுதினேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டுக்குப் போய், “நம்பி இருந்துறாதம்மா, அன்னைக்கு வேற நம்பர் வரும்” என்றேன். “வர்றது வரட்டும்” என்றாள் அம்மா. ஆனால் அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் குறையவில்லை.

குலுக்கலைக் கொழுந்து மடுவத்தில் வைத்தார்கள். நாள்தோறும் கொழுந்து நிறுக்கும் கொட்டகை அது. தலைக்கு மேல் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே மேசை போட்டு, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கம்ப்யூட்டரை அய்யேவும் நானும் பூட்டினோம். அறுபது குடும்பமும் கூடி நின்றது. அம்மா முன்வரிசையில், அப்பா செத்த பிறகு உடுத்தாமல் வைத்திருந்த வெளிர்நீலச் சேலையில். துரை ஒரு நாற்காலியில். தொழிற்சங்கத் தலைவர் திரைக்குப் பக்கத்தில் நின்று நம்பரை உரக்க வாசிப்பதாக ஏற்பாடு.

பட்டனை அழுத்தினேன். பன்னிரண்டு. ஐம்பத்தொன்று. ஏழு. தலைவர் வாசிக்க வாசிக்க ஆங்காங்கே ஒரு விம்மல், ஒரு சிரிப்பு. பத்தும் வந்து முடிந்தது. நாற்பத்து மூன்று அதில் இல்லை. அம்மா இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பின்னால் யாரோ, “இன்னொருக்கா போடச் சொல்லுங்க” என்றார். பலரும் அதையே சொன்னார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, இன்னொருக்கா போடுங்க. கொழுந்து நிறுக்கிறப்ப சந்தேகம் வந்தா, சாக்கக் கழட்டி மறுபடி மாட்டச் சொல்றமில்ல? அதே நிறையைக் காட்டுனா தராசு சரி. மாத்திக் காட்டுனா அதுல ஏதோ கள்ளம் இருக்கு. இதுவும் ரெண்டாவது தரம் அதே பேரச் சொல்லட்டும். நாங்க ஒத்துக்கிறோம்.”

“தலைவரே, இது நிறுக்கிற சாமான் இல்லைங்க. இது ஒவ்வொரு தரமும் மாறித்தான் வரணும். மாறினாத்தான் நேர்மை” என்றேன். சொல்லும்போதே அது அவர்கள் காதில் எப்படி விழுகிறது என்று எனக்குத் தெரிந்தது. எத்தனையோ வருடமாகத் தராசில் ஏமாந்த சனம். மாறி மாறிப் பேசுகிற ஒரு சாமானைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதுதான் நேர்மை என்கிறேன்.

துரை தலையசைத்தார். மறுபடி ஓட்டினேன். வேறு பத்துப் பேர். முதல் தரம் வந்தவர்களில் ஒருவர்கூட இல்லை.

மடுவமே கொதித்தது. “இதுக்குத்தான் டவுன்ல இருந்து கொண்டாந்தீங்களா?” என்று ஒருத்தர். “மொத சொன்னது பொய்யா, பொறகு சொன்னது பொய்யா?” என்று இன்னொருத்தர். முதல் தரம் நம்பர் வந்து அழுத பெண் இப்போது வேறு மாதிரி அழுதாள். துரை எழுந்து நின்று சிங்களத்தில் ஏதோ விளக்கினார்; யாரும் கேட்கவில்லை.

அய்யே குனிந்து என் காதருகில் சொன்னார். “நங்கி, அந்த ரேண்டமைஸ் சொல்லுக்கு முன்னால் ஒரு மேற்கோள் குறி போடு. போதும். இவர்கள் கேட்பது அதைத்தானே? எத்தனை தரம் கேட்டாலும் அதையே சொல்லும். எல்லாரும் நம்புவார்கள். உன் அம்மாவுக்கும்...”

அந்த மொழியில் ஒரு வரிக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடும். நான் புரோகிராமைத் திறந்தேன். கர்சரை அந்த வரியின் தலைக்குக் கொண்டுபோனேன். அது அங்கே நின்று மினுங்கியது. ஒரு விரல் அழுத்தம். முதலில் நாற்பத்து மூன்று வரும். இரண்டாம் தரமும் வரும். “தராசு சரி” என்று தலைவரே கத்திச் சொல்வார். சனம் கைதட்டும். அம்மாவுக்கு நடுவீடு கிடைக்கும்.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், அப்பாவின் பாடையைத் தூக்கியவர்கள், எனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்து கொடுத்தவர்கள். எல்லாரும் நம்பத் தயாராக நிற்கிறார்கள். அவர்கள் கைதட்டுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க முடியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. சுவிட்சை அணைத்தேன்.

“கம்ப்யூட்டர் வேணாங்க. சீட்டு எழுதிப் போடுங்க” என்றேன்.

அறுபது நம்பரையும் சீட்டில் எழுதி ஒரு கொழுந்துக் கூடையில் போட்டார்கள். தோட்டத்து மருத்துவிச்சி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். அங்கே நின்றவர்களில் பாதிப் பேரை உலகத்துக்கு எடுத்த கை என்று அவரை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். முதல் சீட்டு, தோட்டத்து ஆலையான இஸ்டோரில் தேயிலை சலிக்கிற ஓர் அக்காவுக்கு விழுந்தது. எங்களுக்கு விழவில்லை. சீட்டை இன்னொருக்கா எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அந்தச் சொல்லை எழுதாமல் விட்டிருந்தால் நம் நம்பர்தான் வந்திருக்கும், ஆயிரம் தரம் ஓட்டினாலும் அதுவே வந்திருக்கும், அதனாலேயே அது சரியில்லை என்றேன்.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “ஆயிரம் தரம் நிறுத்தாலும் ஒரே நிறை காட்டுனா, அதத்தானே பாப்பா நல்ல தராசுங்கிறோம்?”

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அன்று அந்த வாய் உதவவில்லை. அம்மாவைப் பொறுத்தவரை கம்ப்யூட்டர் உண்மையைச் சொன்னது. மகள் அதன் வாயை அடைத்துவிட்டாள். கோபித்துக்கொள்ளவில்லை. திட்டவுமில்லை. ஆனால் கொழுந்து மலையிலும் கோயிலிலும் யாரைக் கண்டாலும் சொன்னாள். “மொத வீடு எங்களதுதான். கம்ப்யூட்டரு நம்பரு சொல்லிருச்சு. எங்க பாப்பாதான் வேணாம்னுட்டா.” தோட்டம் முழுக்க அந்தக் கதை தெரியும். முதல் வீட்டு அக்காவுக்கும் தெரியும். அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. அந்த வீட்டு வாசலில் நல்லது கெட்டது எது நடந்தாலும் அம்மா படியேறவில்லை.

பிறகு ஆபீஸ் மூடியது. ஜாவாக்காரன் வெளிநாடு போனான். எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். என் போர்டிங் அறையைச் சுற்றிப் பார்த்தாள். “இதுவும் ஒத்தக் காம்பராதானே” என்றாள். சில நாளிலேயே லயத்துக்குத் திரும்பிவிட்டாள். புதிது புதிதாக எத்தனை மொழி கற்றுக்கொண்டாலும் முதல் வேலையாக அதனிடம் ஓர் எண்ணைக் கேட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மூடித் திறந்து மறுபடி கேட்பேன். மாறி வந்தால் நிம்மதி. அந்த நிம்மதியில் கொஞ்சம் வலியும் இருக்கும்.

அம்மா இறந்ததும் ஐப்பசியில்தான். செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது இஸ்தோப்பில்தான் கிடத்தியிருந்தார்கள். வேறு எங்கே கிடத்துவது? மழைக்குத் தார்ப்பாய்ப் படங்கு கட்டியிருந்தார்கள், காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. சாரல் அம்மாவின் பாதத்தை நனைத்துக்கொண்டிருந்தது. நான் கால்மாட்டில் உட்கார்ந்து துடைத்தேன். துணியை மாற்றினேன். மறுபடி துடைத்தேன். அப்போதுதான், அப்பா செத்த அன்று அம்மாவுக்கு அழ ஏன் நேரமில்லை என்று புரிந்தது.

முதல் வீட்டு அக்கா குடையில்லாமல் நனைந்துகொண்டு வந்தார். அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். “தூக்குங்க. எங்க வீட்டுக்குக் கொண்டு போவோம்” என்றார்.

கூட்டம் திகைத்தது. ஒரு வீட்டுப் பிணத்தை இன்னொரு வீட்டுக்குள் எடுப்பது எங்களிடம் இல்லாத வழக்கம். யாரும் செய்ததுமில்லை, கேட்டதுமில்லை. தலைவர் கிழவராகியிருந்தார். அவர்தான் தடுத்தார். “வேணாம்மா. குடியிருக்கிற வீடு. அடுத்த வீட்டுப் பொணத்த உள்ள எடுக்கக் கூடாது.”

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அடுத்த வீட்டுக்கு யாரு போறா? அவங்க வீட்டுக்குத்தானே போறாங்க. கம்ப்யூட்டரே சொல்லிச்சின்னு ஊருக்கெல்லாம் சொன்னாங்களே. நானும்தான் இத்தன வருசமா அதக் கேட்டுக்கிட்டே அந்த வீட்டுல இருக்கேன்.”

தலைவர் விலகி நின்றார். நான்கு பேர் தூக்கினார்கள். படங்கைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நடந்தேன். அம்மா எட்டி எட்டிப் பார்த்த அந்தப் பாதை வழியாகப் போய், படியேறி, நடுவீட்டில் கிடத்தினோம். தலைமாட்டில் அக்கா தானே விளக்கேற்றினார். கால் நீட்ட இடம் தாராளமாக இருந்தது. அம்மாவின் பாதத்தைக் கடைசியாக ஒருமுறை துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். வெளியே மழை விடவில்லை. அந்தப் பாதம் மறுபடி நனையவில்லை. அதற்குப் பிறகுதான் நான் அழுதேன்.